வயர் முடியற இடம்

மார்ச் 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ன்னு எழுத வரல. வர்ற அன்னைக்கு எழுதறேன்.

நான் பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடு. நீ கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறதைப் பாத்தேன். வேணும்னுதான் எடுக்கல. எடுத்தா கத்துவேன், கத்தினா அழுவேன், நான் அழுதா நீ உடனே “சரி சரி, சாப்டியா?”ன்னு பேச்சை மாத்துவே. அந்தப் பாச்சா இந்தத் தடவை பலிக்காது. அதான் கடிதம். இதுல நீ குறுக்கே பேச முடியாது பாரு.

ஏன்க்கா அப்படிப் பண்ணினே? ஒல்லியை நான் எவ்வளவு பாடுபட்டு செஞ்சேன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? அவனோட முதல் காலை நம்ம வீட்டுக் கூடத்துலதானே மாட்டினேன், நீதானே டார்ச் பிடிச்சே. கால் அடிபட்ட குழந்தைங்க திரும்ப நடந்து பழகும்போது பக்கத்துல கூடவே நடந்து வர ஒரு சின்ன ரோபோ. இதைச் சொன்னப்போ சிரிக்காத ஒரே ஆஸ்பத்திரி இது. “ரெண்டு மாசம் வெச்சுப் பாக்கறோம், பிள்ளைங்களுக்குப் பிடிச்சா நாங்களே வெச்சுக்கறோம்”னு சொன்ன ஒரே ஆஸ்பத்திரி. இதுக்காக நான் கிளம்பி வர்றேன், விமான நிலையத்துல பை சோதிக்கிற மேசையில யாரு உக்காந்திருக்கா? என் சொந்த அக்கா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அதுதான் நான் செஞ்ச தப்பு.

ஒல்லி பெட்டிக்குள்ள, பேட்டரி ரெண்டும் என் கைப்பையில. முனைக்கெல்லாம் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில போட்டு, எல்லாம் நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. நீ ஒண்ணைக் கையில எடுத்தே. தடவிப் பாத்தே. “இது உப்பியிருக்கு. பயணி இதை எடுத்துட்டுப் போக முடியாது”ன்னே.

பயணியாம்! ஒரே போர்வைக்குள்ள படுத்து வளந்தவ நான், பயணியாம்!

உப்பல அக்கா. அது சுத்தின டேப். இடிபடக் கூடாதுன்னு ரெட்டையா சுத்தியிருந்தேன். சொன்னேன், நீ காதுலயே வாங்கல. சரி, அது போகட்டும், இன்னொண்ணு நல்லாத்தானே இருந்துச்சு? அதையும் சேத்துல்ல பிடிச்சு வெச்சே? பின்னாடி வரிசையில நின்னவங்க என்னை ஏதோ வெடிகுண்டு கொண்டு வந்தவளைப் பாக்கற மாதிரி பாத்தாங்க.

இப்போ ஒல்லி வார்டுக்குள்ள சுவர் பிளக்குல மாட்டின வயரோட நிக்கிறான். வயர் ஒரு பக்கம் வார்டு வாசல் வரைக்கும்தான் வரும், இன்னொரு பக்கம் கட்டில் வரிசைக்குக்கூட எட்டாது. கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. பிள்ளைங்க கூடவே நடந்து வருவான்னு சொல்லி வந்துட்டு, கட்டில்கிட்டகூடப் போக முடியாம நிக்கிறான். பெரிய டாக்டரம்மா ஒரு பார்வை பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. அவங்க ஏதாவது சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

உன் தங்கச்சி


மார்ச் 10

அன்புள்ள பொடிசுக்கு,

நீ எழுதலைன்னாலும் நான் எழுதறேன் ‘அன்புள்ள’ன்னு.

கடிதம் கிடைச்சுது. அம்மா ஒரு தடவை படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். “கன்னுக்குட்டி” வந்த இடத்துல அவங்க அழுதுட்டாங்க. அப்புறம் என்னைப் பாத்து, “ஏண்டி, உனக்கு மனசாட்சியே இல்லையா?”ன்னாங்க. அன்னையிலிருந்து எனக்குக் காபி கிடையாது. நானே போட்டுக் குடிக்கிறேன்.

விதி என்னன்னு உனக்கே தெரியும். உப்பின பேட்டரி கைப்பையிலயும் போகக் கூடாது, பெட்டியிலயும் போகக் கூடாது. சந்தேகம் வந்தாலே நிறுத்தி வைக்கலாம். எனக்குச் சந்தேகம் வந்துச்சு, நிறுத்தினேன். சீருடையில இருக்கும்போது நான் யாருக்கும் அக்கா இல்ல. ரெண்டும் எங்க அலுவலகத்துல மணல் வாளிக்குள்ள பத்திரமா இருக்கு.

இன்னொண்ணு. உன் பெட்டி கீறல் இல்லாம வந்துச்சான்னு நீ எழுதவே இல்ல. வந்திருக்கும். எனக்குத் தெரியும். ‘நொறுங்கும்’னு ஒட்டியிருக்கிற பெட்டியை ஏத்தறவங்க எப்படி ஏத்துவாங்கன்னு தினம் பாக்கறவ நான். அதனால மேசையில பக்கத்து ஆளை உக்கார வெச்சுட்டு, கீழே இறங்கிப் போய், விமானத்து வயித்துக்குக் கீழே வெயில்ல நின்னு, அந்தப் பெட்டியைப் படுக்கப் போடாம நிமித்தி வெச்சு, ரெண்டு பக்கமும் மெத்துன்னு இருக்கிற பைங்களாப் பாத்து முட்டுக் கொடுக்கச் சொல்லிட்டுத்தான் மேலே வந்தேன். அதுக்கு மேலதிகாரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

சாப்பிடு. கோவத்தைச் சோத்து மேல காட்டாதே.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

பெட்டியில ஒரு கீறல்கூட இல்ல. ஒல்லியோட கழுத்துகூட ஆடல. நான்கூட ‘பரவாயில்லையே, இந்த விமானக்காரங்க நல்லவங்கப்பா’ன்னு நெனச்சேன். உன்னை நெனைக்கல. வெயில்ல நின்னியா? உனக்குத்தான் வெயில்ல தலைவலி வருமே. லூசு.

இருந்தாலும் கோவம் போகல. ஆனா ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் ஒரு வாரம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன், முடியல.

இங்கே ஒரு பொண்ணு இருக்கா. ஒம்பது வயசு. நர்ஸுங்க எல்லாரும் அவளை வாயாடின்னுதான் கூப்பிடறாங்க. ரோட்டுல வண்டி மோதி ரெண்டு காலும் உடைஞ்சு, எலும்பெல்லாம் சேந்துடுச்சு. டாக்டரம்மா தாராளமா நடக்கலாங்கறாங்க. ஆனா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறா. காலைத் தரையில வைக்கச் சொன்னாலே ஊரைக் கூட்டறா. மத்தபடி நாள் பூரா வாய் ஓயாது. என்னைக் கேக்கறா, “அக்கா, அவன் ஏன் நாய் மாதிரி கட்டிப் போட்டிருக்கான்? கடிப்பானா?”

பேட்டரி இல்லைன்னு சொன்னேன்.

“ஏன் இல்ல?”

“என் அக்கா பிடுங்கி வெச்சுக்கிட்டா.”

அவ உடனே, “என் அக்காவும் அப்படித்தான்”னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அவளுக்கு ஒல்லிகிட்டக் கை குலுக்கணும். “இங்கே வரச் சொல்லுங்க”ன்னா. வர முடியாதும்மா, வயர் எட்டாதுன்னேன். “அப்போ அவன் கையை நீட்டச் சொல்லுங்க”ன்னா. நீட்டச் சொன்னேன். ஒல்லி கையை நீட்டிக்கிட்டு அப்படியே நிக்கிறான். எட்டல. அவளும் கட்டில்லேர்ந்து எக்கி எக்கிப் பாக்கறா. ஒரு கட்டத்துல, “பாவம், கை வலிக்கும்ல”ன்னு முனகிக்கிட்டே இறங்கிட்டா, அக்கா. காலைத் தரையில வெச்சு, கட்டில் கம்பியைப் பிடிச்சு, அடுத்த கட்டில் கம்பியைப் பிடிச்சு, அவன்கிட்ட வந்து கை குலுக்கிட்டா. நர்ஸ் வாயில கையை வெச்சுக்கிட்டு நின்னாங்க.

அவன் நடந்து போயிருந்தா அவ இறங்கியிருக்கவே மாட்டா. பேட்டரி இருந்திருந்தா அவன்தான் கட்டில்கிட்டப் போயிருப்பான்.

இதுக்காக உனக்கு நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். நீ தெரிஞ்சா செஞ்சே? ஆனா தெரியப்படுத்தாம இருக்கவும் மனசு வரல.

அம்மாவைக் காபி போட்டுத் தரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.

பொடிசு


மார்ச் 25

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில வெச்சு, கூட்டம் குறையும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் படிச்சேன். “பாவம், கை வலிக்கும்ல”ன்னு அந்தப் பொண்ணு சொன்ன இடம் வரும்போது, எதிர்ல ஒரு பயணி தண்ணி பாட்டிலை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தாரு. என் முகத்தைப் பாத்துட்டு, அவரா பாட்டிலைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போயிட்டாரு.

இன்னைக்குக் காலையில எங்க தீயணைப்புக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போய், வெட்ட வெளியில உக்காந்து, மணல் வாளியிலிருந்து அந்தப் பேட்டரியை எடுத்து டேப்பை உரிச்சுப் பாத்தோம்.

உப்பல. பலகை மாதிரி தட்டையா இருந்துச்சு. நீ சொன்னது நிஜம். வெறும் டேப்.

இதை எழுதாம விட்டிருக்கலாம். எழுதறேன். ஏன்னா இன்னும் ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மத்தவங்க யாரா இருந்தாலும் நான் என்ன செய்வேன் தெரியுமா? “டேப்பை உரிச்சுக் காட்டுங்க”ன்னு சொல்வேன். அதுதான் முறை. உரிச்சுக் காட்டுவாங்க, நல்லா இருந்தா திரும்ப ஒட்டச் சொல்லி அனுப்பிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு அதைத்தான் செய்யறேன். உனக்குச் செய்யல. உரிக்கச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. உரிச்சு, நல்லா இருந்துட்டா, உன்னை அதோட ஏத்தி அனுப்பணுமேன்னு நிறுத்திக்கிட்டேன். வருஷா வருஷம் எங்களுக்குப் பயிற்சி நடக்கும், பேட்டரி பத்திக்கிட்டா எப்படி இருக்கும்னு எரிச்சுக் காட்டுவாங்க. அணைஞ்ச மாதிரி இருக்கும், திரும்பப் பத்திக்கும். அதைக் கண்ணால பாத்தவ நான். அந்த விமானத்துல நீ போறே. இத்தனை வருஷமா மேசைக்கு வந்த எல்லாரையும் ஏத்தி விட்ட எனக்கு, உன்னை மட்டும் பேட்டரியோட ஏத்தி விடக் கை வரல. அதான் ரெண்டையும் பிடிச்சு வெச்சேன்.

சீருடையில இருக்கும்போது நான் அக்கா இல்லைன்னு போன கடிதத்துல ஜம்பமா எழுதியிருந்தேன். அன்னைக்கு நான் அக்காவா மட்டும்தான் இருந்தேன். அதுதான் தப்பு. என்னை மன்னிச்சுடு.

அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். “இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா காபியாவது கிடைச்சிருக்கும்ல”ன்னாங்க.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிட்டேன் பாரு, ‘அன்புள்ள’. முட்டாள்கள் தினத்துலன்னு நெனைக்காதே, நிஜமாவேதான்.

உன் கடிதத்தைப் படிச்சதும் முதல்ல வந்தது கோவம்தான். தட்டையா இருந்துச்சாம்ல! அன்னைக்கே சொன்னேனே! தையல்காரி மாதிரி அளவெடுத்துத் தடவினியே! அப்புறம் ரெண்டாம் தடவை படிச்சேன். கீழே தோட்டத்துல போய் உக்காந்துட்டேன். நீ பயணின்னப்போ என் முகத்தைப் பாக்காம பேட்டரியையே பாத்துக்கிட்டிருந்தே. அதைக் கோவம்னு நெனச்சுட்டேன். நான் ஒரு மண்டு.

மன்னிப்பெல்லாம் கேக்காதே, எனக்குக் கூச்சமா இருக்கு.

இப்போ வேற ஒரு பிரச்சினை. வாயாடி இப்போ தினம் நடக்கறா. ஒல்லி பக்கத்துல நடக்கறான், அவ அவன் தோள்ல கையை வெச்சுக்கிட்டு நடக்கறா, அவன் நிக்கிற பிளக்குக்கும் வாசலுக்கும் நடுவுல போயிட்டுப் போயிட்டு வர்றாங்க. வாய் மட்டும் நிக்கவே இல்ல, அவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்றா. ஆனா வாசல் வந்தா நின்னுடறா. வயர் முடியற இடத்துல ஒல்லி நிக்கிறான், அவளும் நிக்கிறா. அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேங்கறா. “அவன் வரட்டும், நானும் வர்றேன்.” அவ்வளவுதான் பதில். அவங்க அப்பா கெஞ்சிப் பாத்தாரு, டாக்டரம்மா அதட்டிப் பாத்தாங்க. ஊஹூம்.

இருபத்தி ரெண்டாம் தேதி அவளை வீட்டுக்கு அனுப்பறாங்க. வராந்தாவைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தன் கால்ல நடந்து போனாத்தான் அவ வீட்டுலயும் நடப்பா, இல்லைன்னா சக்கர நாற்காலியில போய் அங்கேயும் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவான்னு டாக்டரம்மாவுக்குக் கவலை. எனக்கும்தான்.

நீளமா வயர் போடலாமேன்னு கேப்பே. தலைமை நர்ஸ் விட மாட்டாங்க, ஸ்ட்ரெச்சர் சக்கரத்துல மாட்டிக்கும். இங்கே கடைகள்ல கிடைக்கிற பேட்டரி எதுவும் ஒல்லி முதுகுக் கூட்டுக்குள்ள நுழைய மாட்டேங்குது. கூரியர்ல உதிரி பேட்டரி வாங்க மாட்டாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா? நான் வந்து எடுத்துட்டுப் போகலாம்னா, ஒல்லியை ஓட்ட என்னை விட்டா இங்கே ஆள் கிடையாது. ஊர்ல என் பட்டறைக் கூட்டாளியைக் கொண்டு வரச் சொல்லலாம்னா, அவங்க வீட்டுல இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு.

யாராவது கையில எடுத்துட்டு வரணும். நீ எடுத்துட்டு வர்றியா? உன் வேலையில ஊழியர்களுக்குன்னு வருஷா வருஷம் இலவச டிக்கெட் தருவாங்களே. காலையில ஏறினா மத்தியானம் இங்கே. இந்த ஆஸ்பத்திரியையும் பாத்த மாதிரி இருக்கும், என்னையும் பாத்த மாதிரி இருக்கும்.

பொடிசு


ஏப்ரல் 5

அன்புள்ள பொடிசுக்கு,

பேட்டரி ரெண்டையும் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்துட்டேன். தீயணைப்புக்காரர் சோதிச்சுப் பாத்து, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. கொண்டு வர்றேன். ஆனா ரயில்ல வர்றேன். ரெண்டு ராத்திரி ஆகும், ஆகட்டும். பத்தொம்பதாம் தேதி அங்கே இருப்பேன்.

ஏன் ரயில்னு கேப்பே. சிரிக்காதே.

நான் விமானத்துல ஏறினதே இல்லடி. ஒரு தடவைகூட. அந்த இலவச டிக்கெட்டெல்லாம் வருஷா வருஷம் வீணாத்தான் போச்சு. “அக்கா, நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க?”ன்னு புதுசா வேலைக்கு வர்ற பசங்க கேப்பாங்க. “அங்கங்கே”ன்னு சொல்லிச் சமாளிப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கும்போது ஒண்ணும் தெரியல. அது தரையை விட்டுக் கிளம்பற நேரத்துல மட்டும் எனக்குத் திரும்பிக்கணும். எல்லாரும் நான் வேலையில மும்முரமா இருக்கேன்னு நெனச்சுப்பாங்க. உன் விமானம் கிளம்பினப்பவும் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

நீ கேட்டு நான் முடியாதுன்னு சொன்னது ரொம்பக் கம்மி. இதைச் சொல்றதுக்கு வெக்கமா இருக்கு.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

நான் சிரிக்கல. சத்தியமா சிரிக்கல. கொஞ்சம் சிரிச்சேன், அந்த “அங்கங்கே”வுக்கு மட்டும்.

இத்தனை வருஷமா உன்கூட ஒரே வீட்டுல இருந்திருக்கேன், இது எனக்குத் தெரியாமப் போச்சே! நான் ஒவ்வொரு தடவை ஊருக்குக் கிளம்பும்போதும் நீ “இறங்கினதும் கூப்பிடு, இறங்கினதும் கூப்பிடு”ன்னு உயிரை வாங்குவியே. தொணதொணப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இறங்கற வரைக்கும் நீ எப்படி இருந்திருப்பேன்னு இப்பத்தான் புரியுது. எனக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு.

இப்போ ஒரு விஷயம். பதறாதே. வாயாடியோட அப்பாவுக்கு வேலை செய்யற இடத்துல லீவு நீட்டித் தர மாட்டேன்னுட்டாங்களாம். பதினாறாம் தேதி காலையிலயே அவளைக் கூட்டிட்டுப் போறாங்க. இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்கும் அதுக்கும் ரயிலுக்கு நேரம் கிடையாது. அதனால ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணிடு. வீணா அலையாதே.

இதை ஃபோன்ல சொல்லியிருக்கலாம். வேணும்னுதான் சொல்லல. என் குரலைக் கேட்டா நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு, விமானத்துலயே வர்றேன்னுடுவே. அப்படி நீ வர வேண்டாம். அவளை நாங்க எப்படியாவது பேசிப் பேசி நடக்க வெச்சுடறோம். நடக்கலைன்னா, என்ன செய்யறது, நான் அவ வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்.

நேத்து அவகிட்ட, ஒல்லியால வாசலைத் தாண்டி வர முடியாதுன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தது இதுதான் முதல் தடவை.

மனசைப் போட்டு உழப்பிக்காதே. நிஜமாத்தான் சொல்றேன்.

பொடிசு


ஏப்ரல் 15, விமானத்துக்குள்ள

பொடிசு,

இதைத் தபால்ல போடப் போறதில்ல. இறங்கினதும் உன் கையில கொடுத்துடுவேன். ஏதாவது எழுதிக்கிட்டே இருந்தா பரவாயில்லைன்னு பக்கத்து சீட்டு அம்மா சொன்னாங்க. அவங்க பேனாதான் இது. என் கோழிக் கிறுக்கலைப் பாத்துக் கேலி பண்ணாதே.

நேத்து சாயங்காலம் உன் கடிதம் வந்துச்சு. “அவ பேசாம இருந்தது இதுதான் முதல் தடவை”ங்கற வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா எழுந்து போய் என் பையை எடுத்துத் துடைச்சு வெச்சாங்க.

இன்னைக்கு என் மேசையில மீசை உக்காந்திருந்தான். தெரியும்ல, போன வருஷம் சேந்தவன், மீசை இல்லாததால அந்தப் பேரு. என்னை வரிசையில பாத்ததும் எழுந்து நின்னுட்டான். “நீங்க போங்கக்கா, உங்க பையையா பாக்கப் போறேன்?”ன்னான். உக்காருடான்னேன். பையைத் திற, பேட்டரியை எடு, டேப்பை உரிச்சுக் காட்டச் சொல்லிக் கேளு, சொந்தக்காரங்க ஆனாலும் உரிச்சுத்தான் பாக்கணும்னு சொன்னேன். பையன் நெளிஞ்சுக்கிட்டே, “பயணி டேப்பை உரிச்சுக் காட்டுங்க”ன்னான். உரிச்சேன். ரெண்டையும் பாத்தான். “சரியா இருக்கு, போகலாம்”னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உனக்கு நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இப்போ ரெண்டும் என் மடியில இருக்கு. இருக்கைக்குக் கீழே வைக்கலாமாம். நான் வைக்கல. விமானம் கிளம்பும்போது ஒரு உலுக்கு உலுக்கிச்சு பாரு, அம்மாடியோ! நான் ஒரு கையால பக்கத்து அம்மாவையும் இன்னொரு கையால பேட்டரியையும் பிடிச்சுக்கிட்டேன். சூடாகுதா, சூடாகுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்ததுல, மேலே வந்ததே தெரியல. இப்போ ஜன்னல்ல வெள்ளையா மேகம் தெரியுது. அதைக் கீழேர்ந்து மட்டும்தான் பாத்திருக்கேன். அப்படி ஒண்ணும் பயமா இல்ல. கொஞ்சம் இருக்கு.

ரெண்டும் சில்லுன்னு இருக்கு. தூங்கற குழந்தைங்க மாதிரி.

இறங்கப் போறோம்னு சொல்றாங்க. முடிக்கிறேன். இறங்கினதும் உன்னைக் கூப்பிடறேன்!

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

ரயில்ல பத்திரமாப் போய்ச் சேந்தேன்னு அம்மா சொன்னாங்க. வர்றதுக்கு விமானம், போறதுக்கு ரயில். கேட்டா “கையில பேட்டரி இல்லையே, எதைப் பிடிச்சுக்கறது”ங்கறே. உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்!

பதினாறாம் தேதி நடந்ததை நீ பாதிதான் பாத்தே. ஒல்லி விழுந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டே. அதனால மீதியை எழுதறேன், அம்மாவுக்கும் படிச்சுக் காட்டு.

பேட்டரி போட்டு, வயரைக் கழட்டினோம். வாயாடியும் ஒல்லியும் வாசல் வரைக்கும் வந்தாங்க. வழக்கமா நிக்கிற இடத்துல பழக்க தோஷத்துல அவ நின்னுட்டா. அவன் நிக்கல. அவன் பாட்டுக்கு வாசலைத் தாண்டி வராந்தாவுல போயிட்டான். அவ தோள்லேர்ந்து கையை எடுத்துட்டா, பக்கத்துல ஆள் இல்லைன்னு அவனுக்கு எங்கே தெரியுது? நேராப் போனான். அங்கே தரையில ஓடு ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்துச்சு. இடது கால் தட்டிச்சு. அப்படியே முகங்குப்புற விழுந்தான். கணுக்கால் முறிஞ்ச சத்தம் நாம நின்ன இடம் வரைக்கும் கேட்டுச்சு.

நான் ஓடப் போனேன். நீ என் கையைப் பிடிச்சு இழுத்தே. “இரு”ன்னே. எனக்கு ஆத்திரம் வந்துச்சு, மறுபடியும் பிடிச்சு நிறுத்தறாளேன்னு. உதறினேன். நீ விடல. அப்புறம்தான் திரும்பிப் பாத்தேன், நீ கண்ணை மூடிக்கிட்டிருக்கே, ஆனா பிடியை மட்டும் விடல.

வாயாடி வாசல்ல நின்னபடி அவனையே பாத்தா. எங்க யாரையும் பாக்கல. “டேய்”னு கூப்பிட்டா. அவன் எழுந்திருக்கல. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அடி வெச்சா, வாசலைத் தாண்டி. அடுத்தது சுவரை விட்டுட்டா. வராந்தாவுல தன்னந்தனியா நடந்து போய், அவன் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டே சொன்னா, “ஒண்ணுமில்லடா. முதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

அப்போதான் நீ என் கையை விட்டே.

அவளே அவங்க அப்பாவைக் கூப்பிட்டு அவனைத் தூக்கச் சொல்லிட்டு, முன்னாடி நடந்து வழி காட்டிக்கிட்டுப் போனா, வண்டி வரைக்கும். படியில இறங்கும்போது மட்டும் நர்ஸ் கையைப் பிடிச்சா. வண்டியில ஏறறதுக்கு முன்னாடி அவனை என் கையில கொடுக்கச் சொன்னா. வீட்டுக்குப் போயும் நடக்கறாளாம், பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் வாயடிக்கறாளாம். டாக்டரம்மா ஒல்லியை வெச்சுக்கறோம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க, இன்னும் ரெண்டு பேரைச் செஞ்சு தரச் சொல்றாங்க. அவன் கணுக்காலைச் சரி பண்ணி முடிக்க எனக்கு இன்னும் ஒரு மாசமாவது ஆகும்.

நீ போனதிலிருந்து இந்த அறை வெறிச்சுன்னு இருக்கு. நீ மடிச்சு வெச்ச துணியை நான் கலைக்கவே இல்ல.

பொடிசு


ஏப்ரல் 28

அன்புள்ள பொடிசுக்கு,

நான் ஏன் கையை விடலைன்னு கேக்காதே, எனக்கே தெரியாது. அவ தனியா நடந்து போவான்னு நான் நெனைக்கவும் இல்ல. நீ ஓடினா நீயும் விழுந்துடுவேன்னு தோணுச்சு, அவ்வளவுதான். ஆனா நீ எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது, அந்த “ஒண்ணுமில்லடா” வந்ததும் என்னால மேலே படிக்க முடியல. அம்மாதான் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க.

அடுத்த சனிக்கிழமை வர்றேன். விமானத்துலதான். டிக்கெட் போட்டாச்சு. கொண்டு வர பேட்டரி ஒண்ணும் இல்ல, பை மட்டும்தான். கையை எங்கே வெச்சுக்கறதுன்னுதான் தெரியல. ஜன்னல் பக்கம் ரெண்டு சீட்டுக் கேட்டிருக்கேன், பக்கத்துல அம்மா.

அக்கா